டைரியில் துண்டு, வங்கியில் மிச்சம்: வீட்டுக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

கேள்வி:

எனக்கு வயது 49. பெரம்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கொளத்தூரில் கடனில் வாங்கிய ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இரண்டு சம்பளமும் வாடகையும் சேர்ந்து மாதம் 1,18,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 22,000. நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதாமாதம் போடும் முதலீடு, அதாவது எஸ்.ஐ.பி., 10,000. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று, நகைக் கடன் ஒன்று, கிரெடிட் கார்டு ஒன்று. மாமியார் பெயரில் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பு இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து டைரியில்தான் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் கூட்டிப் பார்த்தால் செலவு 1,31,000 என்று வருகிறது. அப்படியானால் 13,000 துண்டு விழ வேண்டும். ஆனால் வங்கி இருப்பு 1,000 ரூபாய் கூடியிருக்கிறது. நாலு தடவை கூட்டியும் தப்பு எங்கே என்று தெரியவில்லை. பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

மகன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்திருக்கிறான். கணக்கை இனி அதில் போடலாம் என்று ஆசை. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் குவிக்கன் என்ற கணக்கு மென்பொருளை வாங்கச் சொல்கிறார். எதிர்வீட்டில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி, டாலி என்ற கணக்கு மென்பொருளின் நகல் ஒன்றை இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். மகனோ கம்ப்யூட்டரே வேண்டாம், போனில் ஒரு ஆப் போதும், வங்கிக் கணக்கை இணைத்தால் தானாகவே எல்லாம் வந்துவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மென்பொருளில் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் டைரிப் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். எந்த மென்பொருள் உங்களுக்கு ஏற்றது என்பதற்கு விடையே அதில்தான் இருக்கிறது. 13,000 துண்டு விழ வேண்டிய இடத்தில் 1,000 மிச்சம் என்றால் வித்தியாசம் 14,000. அதே பக்கத்தில் 25-ஆம் தேதி "கார்டு பில் 14,000" என்று எழுதியிருக்கிறீர்கள். மளிகை, மாமியாருக்கு மருந்து, துணி என்று கார்டில் வாங்கியதை எல்லாம் அன்றன்றைக்கே செலவில் ஏற்றிவிட்டீர்கள். பில்லைக் கட்டியபோது அதே தொகை இன்னொரு தடவை ஏறிவிட்டது. உங்கள் கூட்டலில் பிழை இல்லை. நாலு தடவை என்ன, நாற்பது தடவை கூட்டினாலும் அதே விடைதான் வரும்.

அந்த 14,000-ஐக் கழித்தால் வெளியே போன பணம் 1,17,000. அதுவும் முழுக்கச் செலவு இல்லை. வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம், வட்டி 8.4 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மாதத்து வட்டி 12,600. தவணையில் மீதி 9,400 அசலில் கழிந்திருக்கிறது, அந்த அளவுக்கு உங்கள் கடன் குறைந்திருக்கிறது. எஸ்.ஐ.பி. 10,000 உங்கள் பணமாகவே இன்னொரு இடத்தில் இருக்கிறது. சீட்டுக்குக் கட்டிய 4,250-ம் அப்படித்தான். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் போன மாதம் உங்கள் குடும்பம் உண்மையில் செலவழித்தது 93,350 ரூபாய். 1,18,000 வருமானத்தில் சுமார் 25,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். துண்டு விழுகிறது என்று இத்தனை நாள் கவலைப்பட்டிருக்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பணத்துக்குச் செலவு ஒன்று, இடமாற்றம் ஒன்று. டைரியில் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுகிறோம். நீங்கள் வாங்கும் மென்பொருளுக்கு இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிய வேண்டும். கலர் கலராக வட்டப்படம் காட்டும் ஆப்புகளில் பல இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. ஏ.டி.எம்-மில் எடுத்த 5,000 ரூபாயைச் செலவு என்று காட்டும், அதில் வாங்கிய காய்கறியையும் நீங்கள் எழுதினால் மறுபடி செலவு என்று காட்டும்.

இதற்கு வணிகர்கள் பல நூறு ஆண்டுகளாகக் கையாளும் முறை இரட்டைப் பதிவு. ஒவ்வொரு தொகையும் ஒரு கணக்கிலிருந்து கிளம்பி இன்னொரு கணக்கில் சேர வேண்டும். கார்டில் மளிகை வாங்கினால் அது கார்டு கணக்கிலிருந்து மளிகைக் கணக்குக்குப் போகிறது. பில் கட்டினால் வங்கியிலிருந்து கார்டுக்குப் போகிறது. இரண்டாவது பதிவில் செலவுக் கணக்கு எதுவுமே வரவில்லை, அதனால் இரட்டிப்பாக வழியே இல்லை.

இனி உங்களுக்கு வந்த யோசனைகள்.

அண்ணன் சொல்லும் குவிக்கன் நல்ல மென்பொருள்தான், 1980-களிலிருந்து இருக்கிறது. ஆனால் அமெரிக்க, கனடா வங்கிகளோடு இணைவதுதான் அதன் பலம். உங்கள் வங்கியோடு அது இணையாது. வருடா வருடம் சந்தாவும் கட்ட வேண்டும். அங்கே இருப்பவருக்குப் பொருத்தமானதை அவர் அன்போடு சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

டாலியைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. கணக்கு பார்க்கும் எங்கள் தொழிலே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அது கடைக்கும் கம்பெனிக்கும் ஆனது: சரக்கிருப்பு, ஜி.எஸ்.டி., ரசீது, சம்பளப் பட்டியல். ஒருவர் பயன்படுத்தும் உரிமமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். உரிமம் இல்லாமல் கல்விப் பயன்பாட்டு முறையில் திறந்தால் மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட விடும், வீட்டுக் கணக்குக்கு அது உதவாது. எதிர்வீட்டுத் தம்பி போட்டுத் தருவதாகச் சொல்வது பூட்டு உடைத்த காப்பி. வேண்டாம் அம்மா. சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். அந்தப் பூட்டை உடைத்த ஆள் கூடவே வேறு எதை உள்ளே வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. அதே கம்ப்யூட்டரில்தான் நாளைக்கு நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள்.

மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கடையில் நிற்கும்போது போன்தான் கையில் இருக்கும். வங்கிக் கணக்கை இணைக்கவும் இப்போது முறையான வழி உண்டு. ரிசர்வ் வங்கி 2016-ல் விதி வகுத்து, 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாடு அது. எந்தக் கணக்கு, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டு உங்கள் சம்மதத்தின் பேரில் விவரம் போகும். சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டரால் அந்த விவரத்தைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் மறுமுனையில் பெற்றுக்கொள்ளும் ஆப் நிறுவனம் பார்க்கும். இலவசமாகத் தரும் ஆப்புக்கு வருமானம் பெரும்பாலும் உங்களுக்குக் கடனும் காப்பீடும் ஃபண்டும் விற்பதில்தான். நகைக் கடன் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாரமே உங்களுக்கு ஒரு கடன் விளம்பரம் வரலாம். இன்னொன்று, உங்கள் சீட்டும், வாடகைக்காரரின் அட்வான்சும், கைப்பணமும் எந்த வங்கி விவரத்திலும் தானாக வந்துவிடாது. உங்கள் கணக்கில் சிக்கல் உள்ள இடங்களே அவைதான்.

பாஸ்வேர்டு பற்றிய கேள்விக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. மென்பொருளுக்கும் கூடாது, உதவிக்கு வரும் பையனுக்கும் கூடாது. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைப் பகிர்ந்து அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் முழு இழப்பும் வாடிக்கையாளருடையது என்றுதான் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொன்னது. நல்ல வீட்டுக் கணக்கு மென்பொருளுக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. வங்கியின் தளத்தில் நீங்களே உள்ளே போய், மாத அறிக்கையை இறக்கி, அந்தக் கோப்பைக் கொடுத்தால் போதும்.

இரட்டைப் பதிவுக்கு அடுத்து நான் பார்ப்பது, போட்ட கணக்கை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பது. மைக்ரோசாஃப்ட் மணி ஒரு காலத்தில் வீட்டுக் கணக்குக்குப் பேர்போனது. 2009-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் பெரும் கூட்டம் பயன்படுத்திய மின்ட் என்ற கணக்கு ஆப் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. சிறுதொழில் செய்பவர்கள் இங்கே நம்பியிருந்த குவிக்புக்ஸ் 2023-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. அப்போது வருடக்கணக்கான பதிவுகளைக் காப்பாற்ற ஓடியவர்களில் என் வாடிக்கையாளர்களும் உண்டு. மூன்றும் சாதாரண நிறுவனங்களின் சரக்கல்ல. அதனால் எந்த மென்பொருளாக இருந்தாலும், முதல் நாளே பத்துப் பதிவுகள் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது எக்ஸெல் போன்றவற்றில் திறக்கும் எளிய பட்டியல் கோப்பாக, வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பதினோராவது பதிவைப் போடாதீர்கள்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது க்னூகேஷ் (GnuCash) என்ற மென்பொருள். 1998-லிருந்து இருக்கிறது, இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்; "சீட்டு", "கொளத்தூர் வீட்டுவரி", "நகைக் கடன்" என்று எழுதினால் உங்கள் கணவருக்கும் உடனே புரியும். க்னூகேஷ் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களை நம்பிப் போகாதீர்கள்.

அதில் ஒரு சிரமமும் உண்டு. முதல் இரண்டு வாரம் அது உங்களைப் பாடாய்ப்படுத்தும். பழைய காலத்து முகப்பு, கணக்கியல் சொற்கள். பதினைந்து இருபது பதிவுகள் போட்ட பிறகுதான் கை பழகும். அவ்வளவு பொறுமை இப்போது இல்லை என்று தோன்றினால் மணி மேனேஜர் எக்ஸ் பாருங்கள். அதுவும் இலவசம், எளிது, கோப்புக்குப் பாஸ்வேர்டு பூட்டும் போடலாம். ஹோம்பேங்க் இன்னும் எளிது, ஆனால் ஃபண்டு முதலீடுகளுக்கு அதில் தனி வசதி இல்லை. வெறும் சம்பளமும் வீட்டுச் செலவும் மட்டும் இருக்கும் குடும்பமாக இருந்தால் எக்ஸெல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க் விரிதாளே போதும் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கடன், சீட்டு, வாடகை, ஃபண்டு என்று நாலு பக்கமும் இருக்கிறது, விரிதாளில் சீக்கிரமே மூச்சு முட்டும்.

சீட்டைத்தான் எல்லோரும் தப்பாக எழுதுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுடையது 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. போன மாதம் ஒருவர் 20,000 தள்ளி, அதாவது ஏலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்து, சீட்டை எடுத்திருக்கிறார். அதில் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000 போக, மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750. அதனால்தான் நீங்கள் 4,250 கட்டினீர்கள். க்னூகேஷில் இதை ஒரே பதிவில் மூன்று வரியாகப் போட வேண்டும்: "சீட்டு" என்ற சொத்துக் கணக்கில் 5,000 வரவு, வங்கியிலிருந்து 4,250, "சீட்டுக் கழிவு" என்ற வருமானக் கணக்கிலிருந்து 750. இப்படி மாதாமாதம் போட்டு வந்தால் சீட்டில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கழிவாக எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

நாளைக்கு மகன் படிப்புக்காக நீங்களே 20,000 தள்ளிச் சீட்டை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வங்கியில் 80,000 வரும். "சீட்டு எடுத்த செலவு" என்று 20,000. சீட்டுக் கணக்கிலிருந்து ஒரு லட்சம் போகும். அதுவரை 45,000 கட்டியிருந்தால் சீட்டுக் கணக்கு மைனஸ் 55,000 என்று சிவப்பில் நிற்கும். பயப்படாதீர்கள், இன்னும் கட்ட வேண்டிய பாக்கி அதுதான், பதினொரு தவணை. கடைசித் தவணையைக் கட்டும் மாதம் அது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு மாதம் விட்டுப்போயிருக்கிறது. மென்பொருளுக்கு வெளியே ஒரு வார்த்தை: சீட்டு நடத்துபவர் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடன் தவணைக்கும் இதே மாதிரி மூன்று வரி. வங்கியிலிருந்து 22,000, வட்டிக்கு 12,600, கடன் கணக்குக்கு 9,400. அடுத்த மாதம் பாக்கி 17,90,600, வட்டி 12,534. இந்த அட்டவணையை க்னூகேஷே போட்டுத் தரும். ஆனால் அதையே கடைசி வரை நம்பாதீர்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கியின் கடன் அறிக்கையை இறக்கி வட்டியைத் திருத்துங்கள். கொளத்தூர் வீடு வாடகைக்கு விட்டது என்பதால் இந்த வட்டித் தொகையும், நீங்கள் கட்டிய மாநகராட்சிச் சொத்து வரியும் வருமான வரிக் கணக்கில் தேவைப்படும். பெரம்பூர் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்குத் தலைப்பில் வைத்திருங்கள். வாடகைக்காரர் கொடுத்த அட்வான்ஸ் உங்கள் வருமானத்தில் சேராது. அவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய பணம், கடன் பக்கத்தில் எழுதுங்கள். வாங்கி, பெயின்ட் அடித்துத் தீர்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் மாதம் திண்டாடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

நினைவூட்டல் வசதியையும் முழுக்கப் பயன்படுத்துங்கள். நம்மூர் பில்கள் மாதாமாதம் வருவதில்லை. ஈ.பி. இரண்டு மாதத்துக்கு ஒன்று, சொத்து வரி அரையாண்டுக்கு ஒன்று, நகைக் கடன் வருடத்துக்கு ஒரு தடவை. "மாதாமாதம்" என்று ஒரே ஒரு வாய்ப்பைத் தரும் மென்பொருள் இங்கே பயன்படாது. க்னூகேஷில் இரண்டு மாதம், ஆறு மாதம் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். நகைக் கடன் புதுப்பிக்கும் தேதியை முதலில் போடுங்கள்.

வங்கி அறிக்கையை உள்ளே ஏற்றும்போது ஒரு இடத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3. தேதி வடிவத்தை மாற்றாமல் விட்டால் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் தள்ளிப் போவது மட்டும் இல்லை, போன நிதியாண்டுக்கே போய்விடும். 12-ஆம் தேதிக்கு மேல் உள்ளவை பிழை என்று நிற்கும், 12 வரை உள்ளவை சத்தமில்லாமல் தப்பான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஏற்றும் திரையில் நாள்-மாதம்-ஆண்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். வங்கிக் கோப்பின் தலையில் பெயர், முகவரி, கிளை என்று பல வரிகள் இருக்கும், அத்தனையையும் தாண்டச் சொல்லுங்கள். இந்த அமைப்பை ஒரு தடவை சேமித்துவிட்டால் அடுத்த மாதம் அதுவே வரும். நிதியாண்டை ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று அமைப்பில் மாற்றிவிடுங்கள். சி.எஸ்.வி-யாக வெளியே எடுத்த கோப்பை எக்ஸெலில் இரண்டு முறை தட்டித் திறந்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ தெரியக்கூடும். கணக்கு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். லிப்ரே ஆபீசில் திறந்து, எழுத்துக் குறியீடு எது என்று கேட்கும்போது யூ.டி.எஃப்-8 என்று கொடுங்கள், தமிழ் சரியாக வரும்.

மியூச்சுவல் ஃபண்டு விலையை தினமும் இழுத்து வரும் வசதியும் க்னூகேஷில் உண்டு, விண்டோஸில் அதற்கு பெர்ல் என்ற வேறொன்றையும் நிறுவ வேண்டும். நீங்கள் அதற்கு மெனக்கெட வேண்டாம். மாதக் கடைசியில் ஒரு தடவை நான்கு ஃபண்டுகளின் என்.ஏ.வி-யை, அதாவது ஒரு யூனிட்டின் விலையை, கையால் போட்டால் போதும். எஸ்.ஐ.பி. போடுபவர்கள் தினமும் விலை பார்ப்பதால் பதற்றத்தைத் தவிர ஒன்றும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். ஃபண்டை விற்கும் வருடம் மூலதன ஆதாயத்துக்கு, அதாவது விற்றதில் வந்த லாபக் கணக்குக்கு, இந்த மென்பொருளை நம்பாமல், ஃபண்டுகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்கள் தரும் அறிக்கையை வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். கேம்ஸுக்குத் தலைமையகமே சென்னைதான்.

செலவுத் தலைப்புகள் இருபதைத் தாண்ட வேண்டாம். கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் தனித் தலைப்பு வைத்தவர்கள் மூன்றாவது மாதம் கணக்கையே விட்டுவிடுகிறார்கள். ஏ.டி.எம்-மில் எடுப்பதைக் "கைப்பணம்" கணக்குக்கு மாற்றி, வாரக் கடைசியில் பர்சை எண்ணி, குறைந்ததை "சில்லறைச் செலவு" என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அன்றாடம் குறிக்க உங்கள் டைரியோ மகன் சொல்லும் ஆப்போ இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும்.

கம்ப்யூட்டரைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பழையது என்பதால் விண்டோஸ் 10 இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். விற்ற கடையில் உரிமத்தோடு விண்டோஸ் 11 போட்டுத் தர முடியுமா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் (மூடப்பட்ட மின்ட் ஆப் வேறு) அல்லது உபுண்டு போடலாம், இரண்டும் இலவசம், க்னூகேஷ் இரண்டிலும் ஓடும்.

க்னூகேஷ் கோப்புக்குத் தனியாகப் பாஸ்வேர்டு கிடையாது, கோப்பை எடுத்தவர் திறந்து படிக்கலாம். அதனால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் பூட்டிய ஒரு பெட்டகத்தை உருவாக்கி, கோப்பை அதற்குள் வையுங்கள். அதன் பாஸ்வேர்டை உங்கள் கணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கணக்கு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு குடும்பமே பீரோவைக் கவிழ்த்துத் தேடுவதை என் அலுவலகத்தில் உட்கார்ந்து பல தடவை கேட்டிருக்கிறேன்.

பெட்டகத்தை இரண்டு பென்டிரைவில் நகலெடுங்கள். ஒன்றை வேறு பகுதியில், மேல் மாடியில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கணக்குப் புத்தகமும் சி.பி.யூ-வும் அதன் மேலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே நனைந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 மிக்ஜாம் புயலின்போதும் அதே கதை. உங்கள் பக்கமும் தண்ணீர் நிற்கும் பகுதிதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில், நகல் திறக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

தொடங்குவதற்கு ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம், பழைய டைரிகளை ஏற்றவும் வேண்டாம். வரும் மாதம் 1-ஆம் தேதி வங்கி, கார்டு, கைப்பணம், கடன் பாக்கி, நகைக் கடன், சீட்டில் கட்டியது, ஃபண்டு மதிப்பு, வாடகை அட்வான்ஸ் ஆகியவற்றைத் தொடக்க இருப்பாகப் போடுங்கள். ஒரு மாதம் டைரியும் கூடவே ஓடட்டும். மாதக் கடைசியில் வங்கி அறிக்கையின் இருப்பும் மென்பொருள் காட்டும் இருப்பும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். க்னூகேஷில் இதற்கென்றே சரிபார்ப்புத் திரை இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையை அப்படியே அறிக்கையில் தேடுங்கள், பல நேரம் அதே தொகைக்கு ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் அதில் பாதித் தொகையைத் தேடுங்கள், வரவைப் பற்றாகப் போட்டிருந்தால் அங்கே அகப்படும்.

மாமியாரின் சேமிப்பை உங்கள் கோப்பில் சேர்க்காதீர்கள். அவர் பணம், அவர் வட்டி, வரியும் அவர் பெயரில்தான் பார்க்க வேண்டும். அவருக்கென்று ஒரு சின்னக் கோப்பு தனியாகத் தொடங்கி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் வரும் காலாண்டு வட்டியை மட்டும் நினைவூட்டலில் போடுங்கள். அவருக்கு வரி வராது என்றால், ஏப்ரலில் வட்டி வரவு வைப்பதற்கு முன்பே, வரிப் பிடித்தம் வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் உறுதிமொழிப் படிவத்தை அஞ்சலகத்தில் கொடுத்துவிடுங்கள்.